ஊட்டிக் குளிரில் திரும்பாத டிரிக்கர்

கோயம்புத்தூரில் ஒழுங்காக வேலை செய்கிற ரிவால்வர் ஊட்டிக்கு வந்ததும் ஏன் மக்கர் பண்ண வேண்டும்? போன குளிர்காலம் பூராவும் இந்தக் கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அப்பாவின் .32 வெப்லி அது; வெப்லி என்பது பழைய பிரிட்டிஷ் தயாரிப்பு, .32 என்பது தோட்டாவின் அளவு. அவர் போன பிறகு, லைசென்ஸ் என் பெயருக்கு வருகிற வரைக்கும், கோவையில் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் வருஷக்கணக்கில் ஒப்படைப்பில் கிடந்தது. லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டால் ஆயுதத்தை வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது. காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்துவிட்டுத்தான் வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்க வேண்டும். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 21-வது பிரிவில் வருகிற விஷயம் இது. அது நியாயமான ஏற்பாடு என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் இரும்புக்கு அந்த நியாயம் தெரியாது. வருஷக்கணக்கில் அசையாமல் கிடந்த ஒரு பொறி, கிடந்த காலத்தின் கதையைத் தன் போக்கில்தான் சொல்லும்.

கடையில் கையெழுத்துப் போட்டு வாங்கும்போதே சோதித்துப் பார்த்தேன். பக்கத்தில் இருக்கிற நெம்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழல் முன்னால் மடிந்து சாயும். சிலிண்டரின் ஆறு அறையும் கண்ணுக்குத் தெரியும். ஆறும் காலி. மூடி, தோட்டாவை அடிக்கிற சுத்தியலான ஹேமரைக் கட்டைவிரலால் தாங்கியபடி டிரிக்கரை மெதுவாக இழுத்து, விரலை எடுத்தேன். டக்கென்று முன்னால் வந்து நின்றது. நிம்மதியாக மலையேறினேன். மறுநாள் விடிகாலை, புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் நேரத்தில், அதே மாதிரி இழுத்து விட்டேன். டிரிக்கர் பின்னால் போனது. திரும்புகிற வழியில் பாதியில் நின்றுவிட்டது. விரலை முன்பக்கமாகக் கொடுத்துத் தள்ளியபிறகுதான் மீதி வழி வந்தது. இன்னொரு முறை இழுத்தேன். அதே பாதி வழி.

இதைச் சின்னக் கோளாறு என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். "இழுத்தா வெடிக்கும்ல, அப்புறம் என்ன?" என்று ஒருவர் கேட்டார். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. வெப்லி மாதிரியான பழைய ரிவால்வர்களில் தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்துகிற மூக்கு ஹேமரிலேயே இருக்கிறது. டிரிக்கர் முழுசாக முன்னால் வந்தால்தான் ஹேமர் கொஞ்சம் பின்வாங்கித் தன் இடத்தில் நிற்கும். டிரிக்கர் நடுவழியில் நின்றுவிட்டால் அந்த மூக்கு எங்கே நிற்கிறது என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. உள்ளே தோட்டா இருந்தால், அந்த நிலையில் அது கைதவறி விழுவதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. துப்பாக்கியில் பாதி வேலை செய்வது என்று ஒரு நிலை கிடையாது. அதனால் அன்றைக்கே தோட்டாக்களை வேறு அறையில் வேறு பூட்டுக்குள் வைத்தேன். கோளாறு தீரும்வரை அவை அங்கிருந்து வெளியே வரவில்லை.

சம்பளப் பணமும் சின்ன எண்ணெய் டின்னும்

இதை எதற்கு வைத்திருக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அப்பா குந்தா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சம்பளத்தை ரொக்கமாகக் கொடுத்த காலம் அது. சம்பள நாளுக்கு முன்னால் ஊட்டிக்கு வந்து வங்கியில் பணம் எடுத்து, ஜீப்பில் மூட்டையாகக் கட்டி, ஆள் நடமாட்டமில்லாத வளைவுகளைத் தாண்டித் தோட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்காக வாங்கிய லைசென்ஸ். வேலையை விட்டுப் போன மேலதிகாரி ஒருவரிடமிருந்து முறைப்படி வாங்கிய ரிவால்வர். இன்றைக்குச் சம்பளமெல்லாம் வங்கிக் கணக்குக்குப் போய்விடுகிறது, அந்தத் தேவையே இல்லை. காட்டெருமையும் கரடியும் வீட்டு வாசல்வரை வருகிற ஊர் இது என்பதால் அதற்காகத்தான் என்று சிலர் நினைக்கிறார்கள். அது தப்பு. 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும்; .32 தோட்டாவால் காட்டெருமையைக் காயப்படுத்தி வெறிகொள்ளச் செய்ய முடியுமே தவிர வேறொன்றும் ஆகாது. நான் வைத்திருப்பது அப்பா பொறுப்போடு தொட்ட பொருள் என்பதால். வேறு காரணம் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

அந்தப் பொறுப்பை நான் நேரில் பார்த்து வளர்ந்தேன். மே மாசக் கடைசியில், தென்மேற்கு மழை இறங்குவதற்கு முன்னால் ஒரு முறை. மழை ஓய்ந்து ஐப்பசி பிறக்கும்போது இன்னொரு முறை. ஜன்னல் ஓரத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, ஃபிளானல் துணியும் ஒரு சின்ன எண்ணெய் டின்னுமாக உட்காருவார். குந்தா பக்கத்து மழை எப்படிப்பட்டதென்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 800 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்தப் பக்கம். மழைக்காலத்தில் பீரோவுக்குள் இருக்கிற தோல் செருப்பில் பூஞ்சை பூக்கும். அதனால் ரிவால்வரை அப்பா தோல் உறைக்குள் ஒருநாளும் விட்டுவைத்ததில்லை. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தோலைப் பதனிட்டபோது சேர்ந்த உப்பும் அமிலமும் அந்த ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்னும். உறையை ஆணியில் மாட்டிவிட்டு, ரிவால்வரைத் துணியில் சுற்றித் தனியாகப் பூட்டி வைப்பார். இவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்திருந்த பொருள் இப்படிச் சிக்கிக்கொண்டதுதான் எனக்குப் புரியவே இல்லை.

இழுக்கத் தெரியும், திரும்பத் தெரியாது

மலையில் இருக்கிறவர்களுக்கு எந்த இரும்பு நின்றாலும் முதல் சந்தேகம் துருவின் மேல்தான். எனக்கும் அப்படித்தான். டார்ச் அடித்து டிரிக்கர் நுழைகிற இடுக்கை எல்லாப் பக்கமும் பார்த்தேன். செம்மண் நிறத்தில் ஒன்றுமே இல்லை. ஆணித்தலைகளைச் சுற்றிலும் மஞ்சளாக ஒரு மங்கல், அவ்வளவுதான். அடுத்து கைப்பிடி. இரண்டு பக்கமும் பதித்த மரப்பட்டைகள் ஈரத்தில் வீங்கினால் உள்ளே இருக்கிற ஸ்பிரிங்கை உரசும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஆனால் இதில் பட்டை மரம் இல்லை, வல்கனைட் என்கிற கெட்டியான கறுப்பு ரப்பர் மாதிரியான பொருள், அது வீங்குவதில்லை. அடுத்து சிலிண்டர். எரிந்த வெடிமருந்தின் துகளோ அழுக்கோ, தோட்டாக் கூடுகளை வெளித்தள்ளும் நட்சத்திரத் தகட்டுக்கு அடியில் ஒட்டிக்கொண்டால் தகடு சரியாக உட்காராது, சிலிண்டர் பின்பக்கம் உரசும், டிரிக்கர் இறுகும். ரிவால்வரில் டிரிக்கர் கனமாகிவிட்டது என்று சொல்கிற புகார்களில் நிறையவற்றுக்குக் காரணம் டிரிக்கரே இல்லை, இந்தத் தகடுதான். தகட்டைத் தூக்கி அடியில் பிரஷ் விட்டுத் துடைத்தேன். ஒரு மாற்றமும் இல்லை.

இங்கே கவனித்துப் பார்க்க வேண்டிய ஒரு சங்கதி இருந்தது. என் டிரிக்கர் இழுக்கும்போது பெரிதாகக் கனக்கவில்லை. திரும்பும்போதுதான் நின்றது. சிலிண்டர் உரசினால் இழுக்கும்போதே தெரிய வேண்டும், ஏனென்றால் சிலிண்டரைச் சுற்ற வைப்பது இழுப்புதான். இழுப்பது விரல். விரலுக்கு இருக்கிற பலம் சின்னச் சின்னத் தடையையெல்லாம் தெரியாமலே தாண்டிப் போய்விடும். திருப்புவது ஸ்பிரிங், அதற்கென்று அளந்து கொடுத்த பலம் கொஞ்சம்தான். ஆகவே உள்ளே எங்காவது பிசுக்கு சேர்ந்தால் முதலில் தெரிவது திரும்புகிற வழியில்தான். இவ்வளவு தூரம் எனக்கு யோசித்துப் பிடிபட்டது. ஆனால் பிசுக்கு என்றால் கோவையில் ஏன் தெரியவில்லை?

ரிவால்வரைத் திரும்பவும் கீழே எடுத்துப் போனேன். வாங்கிய கடையிலேயே மெக்கானிக் இழுத்துப் பார்த்தார். டக், டக். "மேடம், நல்லாத்தானே இருக்கு?" என்றார். என் கையாலும் இழுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. மேலே வந்தேன், மறுநாள் காலையில் பாதி வழி. மறுபடி போனபோது அவருக்கு என் மேல் சலிப்பு வந்திருக்க வேண்டும். "ஸ்பிரிங் வயசாயிடுச்சு மேடம். மாத்திடலாம். கொக்கியையும் லேசா ராவி விட்டா வெண்ணெய் மாதிரி போகும்" என்றார். ராவுவது என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ரிவால்வரை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். ஒரு பழுது தன் கண்ணுக்கே தெரியாதபோது அரத்தைக் கையில் எடுக்கிற ஆளிடம் அப்பாவின் பொருளைக் கொடுக்க எனக்கு மனசில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் கிடையாது.

"காத்தாலயா, மத்தியானமா?"

அருவங்காட்டில் வெடிமருந்து செய்கிற கார்டைட் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவர்தான் கோவையில் இன்னொரு மெக்கானிக் இருப்பதாகச் சொன்னார். வயசானவர், பழுது பார்க்கிற லைசென்ஸ் உள்ளவர், தோட்டத் துரைமார்களின் துப்பாக்கிகளைப் பார்த்துப் பழகிய கை. துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கும் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும் என்பது பல பேருக்குத் தெரியாது. சைக்கிள் கடையிலும் லேத் பட்டறையிலும் கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அவர் ரிவால்வரை வாங்கித் திறந்து, அறைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்து, மூடாமலே மேஜைமேல் வைத்தார். டிரிக்கரைத் தொடவே இல்லை. என்னைப் பார்த்துக் கேட்டார்: "எப்பங்க அம்மிணி புடிக்குது? காத்தாலயா, மத்தியானமா?"

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் திரும்பிவிட்டது. காலையில்தான். பெரும்பாலும் காலையில்தான். ஒருநாள் மத்தியானம் ஜன்னலோர வெயிலில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தபோது டிரிக்கர் கொஞ்சம் சுறுசுறுப்பாக வந்ததும், சரியாகிவிட்டதென்று நினைத்ததும், ராத்திரி திரும்பவும் நின்றதும் ஞாபகம் வந்தது. இவையெல்லாம் எனக்குத் தெரிந்தவைதான். ஒன்றோடொன்று சேர்த்துக் கேட்க ஆள் இல்லாமல் தனித்தனியாகக் கிடந்தன. சொன்னேன். "வெச்ச எடம் எது, அது எத்தன குளுருமுங்க?" என்றார். ஊட்டி, வடக்குப் பார்த்த அறை, ஜனவரியில் ராத்திரி பூஜ்யத்தை ஒட்டி வரும் என்றேன். தலையை ஆட்டினார். பையனைக் கூப்பிட்டுப் பக்கத்துக் கடையில் ஐஸ் வாங்கிவரச் சொன்னார்.

அடுத்து அவர் செய்ததை எத்தனை நேரம் வேண்டுமானாலும் விவரிப்பேன். ரிவால்வரில் ஈரம் படாமல் தடித்த பாலித்தீன் உறைக்குள் போட்டு, காற்றைப் பிழிந்து வெளியேற்றி, வாயை இறுக்கிக் கட்டினார். அதை இன்னொரு உறைக்குள் போட்டார். ஒரு எவர்சில்வர் தூக்கில் ஐஸ் கட்டியைப் பரப்பி, நடுவில் வைத்து, மேலேயும் ஐஸ் போட்டு மூடினார். வெளியே கோவை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. நாங்கள் டீ குடித்தோம். மூட்டை முடிச்சாகப் பழைய ரெட்டைக்குழல் துப்பாக்கிகள் சுவரில் சாய்ந்திருந்தன. கொஞ்ச நேரம் கழித்து எடுத்து, உறையைப் பிரிக்காமலே, பாலித்தீனுக்கு வெளியிலிருந்து ஹேமரைத் தாங்கிக்கொண்டு டிரிக்கரை இழுத்து விட்டார். பாதி வழியில் நின்றது. என் வீட்டுக் காலை நேரம் அவர் கைக்குள் வந்திருந்தது. "பாத்தீங்களா" என்று மட்டும் சொன்னார். பிறகு அப்படியே கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளங்கைச் சூடு ஏற ஏற, யாரும் தொடாமலே, டிரிக்கர் மெல்ல மெல்ல முன்னால் நகர்ந்து வந்து தன் இடத்தில் நின்றது. ஸ்பிரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. அது அத்தனை நேரமும் தள்ளிக்கொண்டேதான் இருந்திருக்கிறது.

அம்மா விட்ட எண்ணெய்

உறையிலிருந்து வெளியே எடுத்து, குளிர் விடும்வரை வைத்திருந்து, கைப்பிடிப் பட்டைகளைக் கழற்றினார். உள்ளே ஒரு மூங்கில் குச்சியை விட்டு எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். என்னிடமும் நீட்டினார். சிக்கு வாடை. பழைய பலகாரப் பாத்திரத்தில் வருமே, அதே வாடை. "தேங்கா எண்ணெய்ங்க அம்மிணி. வீட்ல யாரு விட்டது?"

அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் செய்தேன். தயங்கவே இல்லை. "ஆமா, நான்தான் விட்டேன். அப்பாவால எந்திரிச்சு உக்கார முடியலை. மழை வரப்போகுது, எண்ணெய் போடணும்னு படுத்துக்கிட்டே சொல்லிட்டு இருந்தார். அந்த டின்னு காலியாக் கெடந்துச்சு. அவர் பக்கத்துலயே உக்காந்து, அவர் பாக்கப் பாக்க, தேங்காயெண்ணெய விட்டுத் தொடச்சேன். ஏன், துருப் புடிச்சிருச்சா?" துரு இல்லை என்றேன். அதுவும் உண்மை. அம்மா விட்ட எண்ணெய் துருவைத் தடுத்துத்தான் இருந்தது.

ஊட்டியில் குடித்தனம் நடத்துகிற எந்தப் பெண்ணுக்கும் தேங்காய் எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாட்டிலில் கட்டியாக உறைந்து கிடக்கும், தலைக்கு வைக்க வேண்டுமென்றால் அடுப்போரம் வைத்து உருக்க வேண்டும். அது உறைகிற சூடு ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸ். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டியில் ஏப்ரல், மே பகல் நேரத்தில்கூடப் பல நாளில் அந்த 24-ஐத் தொடாது. கோவையிலோ பெரும்பாலான நாளில் அதற்கு மேல்தான். ஆக, கடையில் இருந்தவரை அந்த எண்ணெய் தண்ணீராக இருந்தது. தண்ணீராக இருந்ததால் சும்மாவும் இருக்கவில்லை. வருஷக்கணக்கில் ஒரே பக்கமாகக் கிடந்த ரிவால்வரில் வழிந்து, டிரிக்கர் சுழல்கிற ஆணியைச் சுற்றியும், சிலிண்டரைத் தள்ளுகிற நகத்தின் அடியிலும் போய்ச் சேர்ந்தது. கோடைச் சூட்டில் சிக்கு வாடை பிடித்து, புழுதியையும் துணி நூலையும் வாங்கிக் கட்டிக்கொண்டது. பிறகு நான் மேலே கொண்டுவந்தேன். ஒரு ராத்திரியில் உறைந்துவிட்டது.

மெக்கானிக் ஒன்று சொன்னார், அதையும் சேர்த்துச் சொல்வதுதான் அம்மாவுக்கு நியாயம். "தேங்கா எண்ணெய் மட்டும்னா இத்தன புடிக்காதுங்க. அடியில பழைய எண்ணெய் காஞ்சு படை கட்டியிருக்குது." அப்பா வருஷாவருஷம் விட்ட எண்ணெயின் மிச்சம் அது. ஆணித்தலையைச் சுற்றி நான் டார்ச்சில் பார்த்த அந்த மஞ்சள் மங்கல் அதுதான். எந்த எண்ணெயும் மெல்லிய படலமாகக் காற்றுப்பட்டுக் கிடந்தால் நாளாக ஆக ஆக்சிஜனோடு சேர்ந்து தடித்து, வார்னிஷ் போல ஒட்டிக்கொள்ளும். தாவர எண்ணெய்களில் நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இதில் இன்னும் மோசம். குளிரில் உறையாது என்று நம்பி விடுகிறவர்கள் உண்டு, ஆனால் அவை பிசுபிசுத்துக் கடைசியில் பசையாகும். வெளியே துடைக்கிற இடத்தில் இந்தப் படலம் நிற்காது. கை போகாத உள்பக்கத்தில்தான் நிற்கும். அப்பா வெளியே துடைத்தார்; உள்ளே சொட்டு விட்டார். உள்ளே விட்டதைக் கழுவி எடுக்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அரம் படக்கூடாத இடம்

மெக்கானிக் கழுவிய விதம் இதுதான். ஹேமர், டிரிக்கர், நகம், பெரிய தட்டை ஸ்பிரிங் எல்லாவற்றையும் முறையாகக் கழற்றி, கழற்றிய வரிசையிலேயே துணிமேல் வைத்தார். திருப்புளி ஒவ்வொன்றும் அந்தந்த ஆணியின் காடிக்கு அளவாகத் தீட்டியது. வாய் பெரிசான திருப்புளியைப் போட்டு ஆணித்தலையைச் சிதைத்துவிட்டால் அப்புறம் அந்தத் துப்பாக்கியை விற்கும்போது பாதி விலைதான் என்றார். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்தார். வார்னிஷ் படிந்த இடத்தில் மூங்கில் சீவலால் சுரண்டினார். கத்தி, உப்புத்தாள் எதுவும் அருகில் வரவில்லை. சுத்தமான துணியில் துடைத்து, காற்று அடித்து, பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிற மெல்லிய மினரல் எண்ணெயை ஊசி முனையில் தொட்டு ஆணிகளுக்கு மட்டும் வைத்தார். அது எவ்வளவு கொஞ்சம் என்றால், வைத்த இடம் எனக்குக் கண்ணில் படவே இல்லை. ஸ்பிரே வாங்கி அடித்தால் போதாதா என்று கேட்டேன். அடித்தால் இன்றைக்கு இளகும், இளகிய அழுக்கு இன்னும் உள்ளே போய் உட்காரும், ஸ்பிரேயின் லேசான பகுதி ஆவியாகிப் போனதும் பழைய கதைதான் என்றார்.

ராவுகிற பேச்சை நானே எடுத்தேன். கையில் இருந்த ஹேமரைத் திருப்பி, அதன் அடியில் இருக்கிற சின்னக் காடியைக் காட்டினார். நகக்கண் அகலம்கூட இல்லை. டிரிக்கரின் முனை அந்தக் காடியில் மாட்டித்தான் ஹேமரைப் பிடித்து நிறுத்துகிறது. பழைய துப்பாக்கிகளில் இந்த இடங்களுக்கு மேல்தோலில் மட்டும் கடினம் ஏற்றியிருப்பார்கள். உள்ளே இரும்பு மிருதுதான். அரம் இரண்டு இழுப்பு இழுத்தால் அந்தத் தோல் போய்விடும். அன்றைக்கு இழுத்துப் பார்த்தால் அருமையாக இருக்கும். கொஞ்ச நாளில் மிருதுவான இரும்பு தேய்ந்து காடி மழுங்கும். பின்னால் இழுத்து நிறுத்திய ஹேமர் ஒரு தட்டில் தானாகவே விழும். எண்ணெய் உறைந்ததற்கு மருந்தாக அதைச் செய்யச் சொல்லி ஒருவர் என்னிடம் சொன்னார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. அவர் கெட்டவர் இல்லை. கோளாறு நடக்கிற இடத்தைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் தன் மேஜையில் நடப்பதை மட்டும் நம்பினார். மலையிலிருந்து வருகிற பொருளை 30 டிகிரியில் வைத்துப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்வது பரிசோதனையே ஆகாது.

அருவங்காட்டுப் பெரியவரிடம் வந்து கதையைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. வெடிமருந்து செய்கிற இடத்தில் வேலை பார்த்தவர்களுக்கு எந்தப் பொருளையும் அது இருக்கிற இடத்தின் சூட்டையும் ஈரத்தையும் விட்டுப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அவர் கேட்டது தோட்டாக்களைப் பற்றி. எண்ணெய்க் கையோடு தொட்டார்களா என்றார். பார்த்தேன்; சிலவற்றின் பித்தளையில் பச்சை பூத்திருந்தது. சிக்குப்போன எண்ணெயில் இருக்கிற கொழுப்பு அமிலம் செம்பைத் தொட்டால் வருகிற பச்சை. பின்பக்கத்து மூடி வழியாக எண்ணெய் உள்ளே இறங்கியிருந்தால் மருந்து நமத்திருக்கும், வெடிக்கலாம், வெடிக்காமலும் போகலாம். அத்தனையையும் கடையில் ஒப்படைத்துக் கணக்கில் எழுதவைத்தேன்.

இப்போது

ஜனவரி முடிவதற்குள் விடிகாலையில் சோதித்துப் பார்த்தேன். வெளியே தலைக்குந்தா பக்கம் பனி விழுந்திருந்தது. காலி அறைகளைப் பார்த்து, மூடி, இழுத்து விட்டேன். முழு வழியும் வந்தது. மத்தியானமும் பார்த்தேன், ராத்திரியும் பார்த்தேன். மூன்று நேரத்துக்கும் வித்தியாசம் இல்லை என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அப்பாவின் வழக்கத்தை அப்படியே வைத்திருக்கிறேன், ஒரு மாற்றத்தோடு. வெளியே துடைக்கிறேன், உள்ளே எதுவும் சொட்டு விடுவதில்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை கோவையில் அந்த வயசான மெக்கானிக்கிடம் கொடுத்துக் கழற்றிக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். பூட்டுப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அது நிறம் மாறியதும் வறுத்துத் திரும்பப் போடுகிறேன். அம்மாவிடம் முழுக்கதையும் சொன்னேன். "அப்போ அந்தச் சமயத்துல எதைப் போட்டிருக்கணும்?" என்று கேட்டார். தையல் மிஷினுக்கு விடுகிற எண்ணெய் வீட்டிலேயே இருந்ததே, அதைத் துணியில் தொட்டு வெளியே மட்டும் துடைத்திருந்தால் போதும் என்றேன். அதை மனசில் வாங்கிக்கொண்டார்.

எனக்கு இதில் தீராத ஒரு குறை இருக்கிறது. ஒப்படைப்புக்கு வாங்குகிற கடைகள் லைசென்ஸ் எண்ணையும் துப்பாக்கி எண்ணையும் எழுதுகிற அக்கறையில் பத்தில் ஒரு பங்கை, அது எந்த நிலையில் வருகிறது என்று பார்ப்பதில் காட்டலாம். வாரிசு லைசென்ஸுக்கு ஆகிற காலம் சின்னது கிடையாது. தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிற துப்பாக்கிகள் வேறு. உள்ளே என்ன எண்ணெய் இருக்கிறது, எந்த ஊர்க் குளிருக்குத் திரும்பப் போகிறது என்று கேட்க அரை நிமிஷம் போதும். யாரும் கேட்கப்போவதில்லை என்பதால் நானே எழுதிவிட்டேன். அடுத்த முறை ஒப்படைக்கும்போது ரசீதோடு சேர்த்துக் கட்ட ஒரு அட்டைச் சீட்டு தயாராக இருக்கிறது: "மினரல் எண்ணெய், வெளிப்பக்கம் மட்டும். உள்ளே எதுவும் விட வேண்டாம். தோல் உறையில் வைக்க வேண்டாம். திருப்பித் தருவதற்கு முன் குளிரவைத்து டிரிக்கரைப் பார்க்கவும். இது ஊட்டிக்குப் போகிற துப்பாக்கி."